கைக்குத்தானே வளையல்

தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பைப் பிரேமாவதி எடுக்கவே மாட்டாள் என்று ஒரு காலம் இருந்தது. அதெல்லாம் பழைய கதை. இப்போது கைப்பேசி ஒரு முறை சிணுங்கினால் போதும், சட்டியில் கறிபாப் கருகினாலும் சரி, கல்லாவில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றாலும் சரி, பாய்ந்து எடுத்துவிடுவாள். மலேசியாவில் கோலா கெத்திலுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த தமிழ்ப்பள்ளியில் கேண்டின் நடத்துகிறவள் அவள். ஒரு கையில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டும் கரண்டி, இன்னொரு கையில் எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த கைப்பேசி. இப்படியேதான் அவள் பொழுது போனது.

எல்லா அழைப்பையும் எடுக்கிற மனுஷி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் சும்மா விடுவார்களா? இன்ஷூரன்ஸ்காரர்கள் கூப்பிட்டார்கள், தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்கள் கூப்பிட்டார்கள், ஏமாற்றுக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஒருநாள் ஒருவன் மலாயில் கடுகடுவென்று, "உங்க பேர்ல ஒரு பார்சல் வந்து மாட்டிக்கிட்டு இருக்கு" என்று மிரட்டினான். இவளுக்குக் காதில் ஏறியதெல்லாம் 'உங்க பேர்ல வந்திருக்கு' என்பது மட்டும்தான்.

"ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள்.

"பார்சல், அக்கா" என்றான் அவன், கொஞ்சம் தடுமாறி.

"சரி தம்பி. எத்தனை மாசம்?"

அவன் போனை வைத்துவிட்டான். ஏமாற்ற வந்தவனே அலறி ஓடிய கதையை ஆசிரியர்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிரேமாவதியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கும் சுகுமாரனுக்கும் பிள்ளை இல்லை. சுகுமாரன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான், கோபமும் வராது. ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, கோயில் பார்த்தாயிற்று, யார் யாரோ சொன்ன பச்சிலையையும் அரைத்துக் குடித்தாயிற்று. கடைசியில் இரண்டு பேரும் ஒருநாள் சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போய், பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் இலாகாவில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு வகுப்பு, நேர்காணல் என்று அலைச்சல். அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, கட்டிலைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, ஐஸ்பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். எல்லாம் முடிந்தபின், "பொருத்தமான பிள்ளை இருந்தால் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பிரேமாவதி இரண்டு தீபாவளியைத் தாண்டியிருந்தாள். போதாக்குறைக்கு அந்த அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். "இனிமே புவான் ஹிதாயான்னு ஒரு மேடம் பாப்பாங்க. நீங்க கூப்பிடாதீங்க, அவங்களே கூப்பிடுவாங்க" என்பது அவருடைய கடைசி வார்த்தை.

வயிற்றில் சுமக்கிறவளுக்காவது இத்தனை மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சும்மா காத்திருக்கிறவளுக்குக் குறும்பு வராமல் என்ன செய்யும்?

"என்னாங்க, எனக்குப் புளிப்பா ஏதாவது திங்கணும் போல இருக்கு" என்றாள் ஒரு சாயங்காலம்.

"ஊறுகா இருக்கே" என்றான் சுகுமாரன்.

"ஊறுகா வேணாம். பெக்காசம் வேணும். அதும் பெண்டாங் பாசார்ல விக்கிறதுதான் வேணும்."

சுகுமாரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பெக்காசம் என்பது ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டுப் புளிக்க வைத்தது. பின்வீட்டு மலாய்க்காரம்மா அதைப் பொரித்தாலே இவள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மூக்கில் துணியைக் கட்டிக்கொள்வாள். இருந்தாலும் மறுநாள் லோரி வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெண்டாங் வரைக்கும் போய் வாங்கி வந்தான், பாவம். பிரேமாவதி அதைப் பொரித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாய் தின்றாள். மிச்சத்தைப் பூனைக்குப் போட்டாள்.

"இதுக்கா அவ்ளோ தூரம் போனேன்?"

"மசக்கைன்னா அப்படித்தாங்க இருக்கும். என்னா செய்றது."

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு புரிந்துபோய், தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த வாரம் அவனே வந்து, "இந்த வாரம் புள்ளத்தாச்சிக்கு என்னா வேணும்?" என்று கேட்டான். அவள் தூரியான் பழம் கேட்டாள். அதை மட்டும் பூனைக்குப் போடவில்லை.

அந்தத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். பெக்காசம் வாசனை சுவரேறிக் குதித்துத் தேவகி அக்கா வீட்டுக்குப் போயிற்று. தேவகி அக்கா யார் என்று கேட்டால் அந்த வட்டாரமே சிரிக்கும். வளைகாப்பு, சடங்கு, பிறந்தநாள் எதுவானாலும் பின்னால் தொங்கவிடும் பூத்திரை முதல் முன்னால் போடும் தங்க வர்ண நாற்காலி வரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறவள் அவள். அவள் இல்லாமல் கோலா கெத்திலில் யாரும் வயசுக்கு வந்ததில்லை, வாயும் வயிறுமாக இருந்ததில்லை.

"பெக்காசம் வரைக்கும் வந்தாச்சு, வளைகாப்பு மட்டும் என்னாடி பாவம் பண்ணுச்சு? வச்சிருவோமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

சுகுமாரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னாக்கா பேசுறீங்க? ஊர்ல சிரிக்க மாட்டாங்க? வயிறு இல்லாம வளைகாப்பா?"

"வயித்துக்கா தம்பி வளையல் போடுறோம்? கைக்குத்தானே. அவளுக்குக் கை இருக்குல்ல? நல்லாப் பாரு, ரெண்டு இருக்கு."

சுகுமாரனே சிரித்துவிட்டான்.

பிரேமாவதி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தங்க வர்ண நாற்காலியை அவளுக்கு நன்றாகத் தெரியும். வளைகாப்பு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணிக்கு எல்லாரும் வளையல் போட்டு முடித்து அவள் எழுந்ததும், பிள்ளையில்லாத ஒருத்தியை அதே நாற்காலியில் உட்கார வைத்து, மிஞ்சிய வளையலில் இரண்டைப் போட்டுவிடுவார்கள். அவளுக்கும் சீக்கிரம் நல்லது நடக்கட்டும் என்கிற நல்லெண்ணம்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து பிரேமாவதிக்கு அலுத்துப்போயிருந்தது. அவளுக்குப் பிறகு கல்யாணமான பெண்கள் சூடு ஆறாத நாற்காலியை அவளுக்கு விட்டுக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது அவள் கேண்டினில் மீ கோரெங் வாங்கித் தின்கின்றன. மிஞ்சிய வளையல்கள் அலமாரியில் ஒரு மைலோ டின் நிறையக் கிடந்தன.

தேவகி அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊர்ல உள்ள அத்தனை பேரும் எந்திரிச்ச பெறகுதான்டி நீ உக்காந்திருக்க. ஒரு வாட்டி மொதல்ல உக்காரு. நாற்காலி வாடகையெல்லாம் எனக்கு வேணாம்" என்றாள்.

பிரேமாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புளிசாதம் நான் செய்வேன். நீங்க செஞ்சா உப்பு கூடிப்போவுது" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

சனிக்கிழமை வளைகாப்பு. வீட்டு முன் கூடாரம் போட்டாயிற்று. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து சாதமும் தயார். 'வயிறு இல்லாத வளைகாப்பு' எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கவே கூப்பிடாதவர்களும் வந்துவிட்டார்கள். பிரேமாவதி பச்சைப் பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். நாற்காலி சில்லென்று இருந்தது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கிருந்தவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. தேவகி அக்காவுக்கு மட்டும் தெரியும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கெடுத்தவள் ரூபினி. தேவகி அக்காவின் மகள், படம் பிடிக்கிறவள், இருபத்திரண்டு வயதுக்கு உலகமே தெரிந்துவிட்ட மாதிரி பேசுகிறவள். "அத்தை, போட்டோவுல ஒன்னும் எடுப்பாவே இல்ல லா. சேலைக்குள்ள ஏதாச்சும் வைப்போம்" என்று சொல்லி, சோஃபாவில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்து வந்து அவள் சேலைக்குள் திணித்துவிட்டாள். பெண்கள் கூட்டம் ஓவென்று கத்திச் சிரித்தது. தலையணையோ நழுவிக்கொண்டே இருந்தது. பிரேமாவதி அதைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்த பிறகுதான் அது அச்சு அசல் நிறைமாத வயிறாக ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நீல நிற பாஜு கூரோங் அங்கி, அதே நிறத்தில் தலைத்துணி, தோளில் பெரிய கைப்பை. "இது பிரேமாவதி வீடு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் தேவகி அக்கா, "இதேதான், இதேதான். செருப்ப ஓரமா விட்டுட்டு உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து, வளையல் போடுகிறவர்களின் வரிசையில் நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூட டீச்சராக்கும் என்று தேவகி அக்கா நினைத்தாள். தேவகி அக்காவின் வாடிக்கைக்காரியாக்கும் என்று பிரேமாவதி நினைத்தாள். அந்தப் பெண்ணும் இரண்டு முறை வாயைத் திறந்தாள். அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்?

அவள் முறை வந்ததும் பிரேமாவதியின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து இரண்டு பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்துப் பக்குவமாகக் கையில் ஏற்றினாள். சந்தனத்தைத் தொட்டுக் கன்னத்தில் தடவினாள். பழகின கை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எத்தனாவது மாசம்?" என்று தமிழில் கேட்டாள்.

சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரேமாவதிக்கும் குறும்பு தாங்கவில்லை. தலையணையைத் தடவிக்கொண்டே, "இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன்க்கா" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அந்தப் பெண். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு முழுதாக வரவில்லை. ஏன் என்று பிரேமாவதி யோசிப்பதற்குள் அடுத்தவள் வளையலோடு வந்துவிட்டாள். நீலத் தலைத்துணி ஓர் ஓரமாக உட்கார்ந்து ஐந்து சாதமும் சாப்பிட்டது, தேவகி அக்கா வற்புறுத்திக் கட்டிக்கொடுத்த பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை பள்ளி இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன நேரம் கைப்பேசி அடித்தது.

"பிரேமாவதியா? நான் ஹிதாயா பேசுறேன்மா. இலாகாவுல இருந்து."

பிரேமாவதி அடுப்பை அணைத்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடினாள், அகப்படவில்லை, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லுங்க புவான்."

"மொதல்ல வாழ்த்துகள். சனிக்கிழமை ஒங்க வீட்டுக்கு வந்திருந்தேன். ஒங்களுக்குப் பச்ச வளையல் போட்டேனே, அது நாந்தான். புளிசாதம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

பிரேமாவதி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். தலையணை இருந்த இடம்.

"எனக்குக் கோவம் ஒன்னும் இல்லம்மா, சந்தோசந்தான். எங்க தமிழ் முஸ்லிம் வீடுகள்லயும் ஏழாம் மாசம் வளையல் போடுவாங்க, எனக்குத் தெரியாததா? ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயித்துல புள்ள இருக்கறப்ப நாங்க இன்னொரு புள்ளையக் கையில குடுக்கறதில்ல. ஒங்க புள்ள பொறந்து கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாப்போம். ஒரு பொம்பளப் புள்ளைக்கு ஒங்க குடும்பம் பொருந்தி வந்துச்சு. அத நேர்ல சொல்லத்தான் வந்தேன். சரி, பரவால்ல. இனிமே அடுத்த குடும்பத்தக் கேக்கணும்."

இந்த அழைப்பு வந்தால் என்ன பேசுவது என்று பிரேமாவதி எத்தனையோ தரம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். இப்போது அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தலகாணி!"

"என்னாம்மா?"

"தலகாணி புவான்! வயிறு இல்ல, தலகாணி! சோஃபாவுல கெடந்த தலகாணி!"

ஹிதாயாவின் குரல் மிகவும் மெதுவாக, காய்ச்சல்காரியிடம் பேசுவது போல வந்தது. "பயப்படாதீங்கம்மா. புள்ளத்தாச்சியா இருக்கறது ஒன்னும் தப்பில்ல. எதுக்கு மறைக்கிறீங்க?"

பிரேமாவதி அழுதாள், சத்தியம் செய்தாள், பெக்காசம் வரைக்கும் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது. நடக்காத பிள்ளைப்பேற்றுக்கு ஐந்து சாதம் ஆக்கிப் போட்டேன் என்றால் எந்த மனுஷி நம்புவாள்?

கடைசியில் ஹிதாயா பெருமூச்சு விட்டாள். "நான் என் கண்ணால பாத்தேன்மா. இந்தக் கையால சந்தனம் தடவியிருக்கேன். இப்பப் போயி 'அது தலகாணி'ன்னு ஃபைல்ல எழுதுனா என்னையப் பத்தி மேல என்னா நெனைப்பாங்க? ஒன்னு செய்ங்க. கிளினிக்ல டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு இன்னைக்கு ஆபீஸ் சாத்தறதுக்குள்ள வாங்க. நாளைக்குக் காலையில நான் அடுத்த வீட்டக் கூப்பிட்டாகணும்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். தேவகி அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கேண்டினை ஒரு டீச்சர் கையில் ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், தேவகி அக்கா வேனோடு நின்றாள். பின்னால் தங்க வர்ண நாற்காலி அப்படியே கிடந்தது. ரூபினியைத் திட்டிக்கொண்டே வேனை ஓட்டினாள், வழியெல்லாம் திட்டு. சுகுமாரனுக்குச் செய்தி போய், அவன் குலை ஏற்றிய லோரியைத் திருப்பிக்கொண்டு நேராகக் கிளினிக்குக்கு வந்தான்.

அந்தக் கிளினிக்கின் பெஞ்சு பிரேமாவதிக்கு அத்துப்படி. எந்த மூலையில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது என்றுகூடத் தெரியும். நாள் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். தாதி யோகேஸ்வரி நல்லவள். முடிவு 'இல்லை' என்றால் அவள் கையில் திசுத்தாள் பெட்டியோடுதான் வெளியே வருவாள். அதனால் பிரேமாவதி அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. கையைத்தான் பார்ப்பாள்.

இன்றைக்கு யோகேஸ்வரியின் கண்ணில் கூடுதலாகவே இரக்கம் தெரிந்தது. வளைகாப்புச் சேதி அவள் காதுக்கும் போயிருந்தது. பாவம், ஆசை முற்றி அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டியிருந்தாள். "இருங்கக்கா, பாத்துட்டு வரேன்" என்று முதுகைத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் பிரேமாவதிக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் வராதது இன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தால்? அந்த மாதமும் நாள் தள்ளித்தான் போயிருந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். என்றாலும் யார் கண்டது?

கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்து முனீஸ்வரனைக் கூப்பிட்டாள். 'சாமி, நான் கூப்பிட்டப்பல்லாம் நீ குடுக்கல. பரவால்ல. இன்னைக்கு மட்டும் குடுத்துடாத.'

வேண்டி முடித்ததும் சட்டென்று கண்ணைத் திறந்தாள். இந்த வாயாலா இதைக் கேட்டோம்? கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. தலையணை இல்லாத, தட்டையான, அவளுடைய சொந்த வயிறு. எத்தனை வருஷம் இதைத் திட்டியிருப்பாள். அதைத் தடவிக்கொண்டு, வராமலே போன பிள்ளையிடம் மனசுக்குள் சொன்னாள்: 'நீ கோவிச்சுக்காத. ஒன்னையும் ரொம்ப நாள் தேடுனேன். இப்ப ஒருத்தி வந்து நிக்கிறா. அவள நான் போயிக் கூட்டிக்கிட்டு வரணும்.' சொல்லிவிட்டு அழுதாள்.

கதவு திறந்தது. பிரேமாவதி கையைப் பார்த்தாள்.

திசுத்தாள் பெட்டி.

"அக்கா..." என்று யோகேஸ்வரி தொண்டையைச் செருமினாள். "மனசத் தளர விடாதீங்க. இந்த வாட்டியும்..."

"இல்லையா? நெசமாவே இல்லையா?"

"இல்லக்கா."

பிரேமாவதி போட்ட கூச்சலில், ஓரத்தில் இருமிக்கொண்டிருந்த சீனக் கிழவர் இருமலை மறந்துவிட்டார். அவள் யோகேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், ஒரு சுற்றும் சுற்றிவிட்டாள். அந்த நேரம் சுகுமாரன் சேற்று பூட்ஸோடு ஓடி வந்து கதவில் நின்றான்.

"என்னாச்சு?"

"இல்லைங்க! எனக்கு ஒன்னுமே இல்ல!"

"ஒன்னுமே இல்லையா!" என்று அவனும் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். யோகேஸ்வரி ஒன்றும் புரியாமல், இவர்களுக்குக் கொண்டுவந்த திசுத்தாளில் ஒன்றை உருவித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேவகி அக்கா மட்டும் நிதானமாக, "டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கு தாயி. பெரிய சாப்பா முத்திரையா பாத்துக் குத்தச் சொல்லு" என்றாள்.

சுங்கைப் பட்டாணிக்குப் போய்ச் சேர்ந்தபோது இலாகாவில் பாதிப் பேர் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். ஹிதாயா நீலத் தலைத்துணிக்குப் பதில் சாம்பல் நிறத்தில் கட்டியிருந்தாள். டாக்டரின் தாளை இரண்டு முறை படித்தாள். அவள் நிமிர்வதற்குள் தேவகி அக்கா தன் பையைத் திறந்து தலையணையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்ததோடு விட்டாளா? தன் சட்டைக்குள் அதைச் செருகி, கீழிருந்து தாங்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் நாலு எட்டு நடந்து காட்டினாள்.

ஹிதாயா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போதும்மா, போதும். அத நீங்களே வச்சுக்குங்க, ஃபைல்ல எடம் இல்ல" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேமாவதியைப் பார்த்தாள். "எதுக்கும்மா இதெல்லாம்? நான் காரணம் எழுதணுமே."

பிரேமாவதி கையிலிருந்த வளையல்களைத் திருகிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை போட்டதில் ஒன்றைக்கூட அவள் கழற்றியிருக்கவில்லை.

"நாளைக்கு அந்தப் புள்ள கேக்கும்ல புவான். நான் வர்றேன்னு தெரிஞ்சப்ப நீங்கல்லாம் சந்தோசமா இருந்தீங்களான்னு. மத்த புள்ளைங்களுக்கெல்லாம் காட்ட அம்மாவோட வளைகாப்பு போட்டோ இருக்கு. என் புள்ளைக்கு மட்டும் என்னாத்தக் காட்டுவேன்? அதான்."

ஹிதாயா தன் நாற்காலியில் மாட்டியிருந்த அந்தப் பெரிய கைப்பையை எடுத்து, உள்ளேயிருந்து ஒரு உறையை வெளியே எடுத்தாள்.

"சனிக்கிழம ஒங்ககிட்ட காட்டலாம்னு இதக் கொண்டாந்தேன். வெளிய எடுக்கவே இல்ல" என்றாள். "நான் ஒங்களுக்கு வளையல் போட்டப்ப இது என் தோள்லதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒங்க மக ஒங்க வளைகாப்புக்கு வந்துட்டுத்தான் போயிருக்கா."

உறைக்குள் ஒரு படம். வெள்ளைத் துணியில் சுற்றிய சிறிசு ஒன்று, ஒரு கண்ணைத் திறந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, யாரையோ கேலி செய்வது போலப் பார்த்தது. பிரேமாவதி படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள், வளையல்கள் சத்தம் போட்டன. சுகுமாரன் அவள் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டான்.

தேவகி அக்கா இரண்டு பேருக்கும் நடுவே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள். பிறந்த பிள்ளை எதைப் பார்த்தாலும் அவள் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"அடி ஆத்தி, அந்த மூக்கப் பாருங்களேன். அப்படியே நம்ம சுகுமாரன் மூக்கு."

ஹிதாயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சிரித்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினாள். சுகுமாரன் படத்தை உற்றுப் பார்த்தான். தன் மூக்கை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"ஆமாக்கா" என்றான். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும்."